பூட்டிய வீடுகளுக்குப் பூ

மலை தீர்ந்துபோன பிறகுதான் அந்த ஊர் தீரத் தொடங்கியது.

ஆற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு காலத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு சுண்ணாம்புக்கல் மலை இருந்தது. மலைக்காக சிமெண்ட் ஆலை வந்தது. ஆலைக்காக ரயில் வந்தது. இரண்டுக்குமாக ஆட்கள் வந்தார்கள். நன்றாக இருந்த நாளில் நாற்பதாயிரம் பேர். அறுபது வருடம் வெடி வைத்துப் பெயர்த்து, அரைத்து, சுட்டு, மூட்டையில் கட்டி ஊர் ஊராக அனுப்பியதில் மலை இருந்த இடத்தில் பெரிய பள்ளம் ஒன்று மிஞ்சியது. அதில் பச்சையாகத் தண்ணீர் தேங்கியது. ஆலை வேறு மலையைத் தேடிப் போய்விட்டது. ஏற்றிப் போக ஒன்றும் இல்லாத ஊரில் எதற்கு நிற்பது என்று ரயிலும் நிற்காமல் போகத் தொடங்கியது.

அதற்கப்புறம் எட்டு வருடங்களில் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. சண்டை போட்டுக்கொண்டு யாரும் போகவில்லை. ஒரு வண்டி வரும், கட்டிலும் பாத்திரமும் ஏறும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கையசைப்பார்கள், கதவில் பூட்டுத் தொங்கும். அவ்வளவுதான்.

இந்த வருடம் தலைக்கணக்கு எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பத்தாயிரம் பேர் இருந்தால் அது நகரம். நகரத்துக்கு மருத்துவமனை உண்டு. ஒருவர் குறைந்தாலும் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். மருத்துவமனை முதலுதவி நிலையமாகிவிடும். டீக்கடையில் இருந்து முடிவெட்டும் கடை வரைக்கும் அந்த ஒரு எண்தான் பேச்சு. பொழுதுபோகாதவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு வந்தது.

ஆலைக்குப் பின்னால் இருந்த ஒன்பதாம் வட்டத்தை எண்ணும் வேலை டீச்சருக்கு வந்தது. இருபத்தாறு வருடமாக அங்கேயே தொடக்கப்பள்ளியில் பாடம் எடுப்பவர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். ஊருக்கு அவர் டீச்சர்.

டீச்சருக்கு மற்றவர்களைப் போல அந்த எண் வெறும் பேச்சு இல்லை. அவருடைய கணவர் ஆலையில் சூளை பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் ஊர் மருத்துவமனையின் டயாலிசிஸ் அறையில் நாலு மணி நேரம் படுத்திருந்தால்தான் மறுபடி எழுந்து நடக்க முடியும். அந்த அறையில் இருந்தது இரண்டே இயந்திரம். மருத்துவமனை போனால் அதுவும் போகும். அடுத்த இயந்திரம் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பிள்ளைகள் இல்லை. கூடப் போய் வர டீச்சரைத் தவிர வேறு ஆள் இல்லை. இருக்கிற சில நாள் லீவு தீர்ந்தால் டீச்சருக்குச் சம்பளம் இல்லை.

"என்ன டீச்சரம்மா, இன்னிக்கு எத்தனை தலை தேறுச்சு?" என்று தினமும் மாலையில் அவர் கட்டிலில் இருந்து கேட்பார்.

"நூத்திப் பதினாலு."

"நம்ம ரெண்டையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"என்னை அரையாப் போட்டிருக்கக் கூடாது, பாத்துக்கோ" என்பார். சிரிப்பார். சிரித்தால் மூச்சு வாங்கும்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. ஆள் இருக்கும் வீடாக இருந்தால், உள்ளே வழக்கமாகத் தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, படிவத்தில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, கதவின் மேல் சுண்ணக்கட்டியால் அந்த எண்ணை எழுத வேண்டும். பூட்டியிருந்தால் 'பூ' என்று எழுத வேண்டும். பூட்டு என்பதன் முதல் எழுத்து. வேறு வேறு நாளில் மூன்று முறை போய்ப் பார்த்தும் பூட்டியே இருந்தால் அந்த வீட்டில் யாரும் இல்லை என்று முடிவு. கடைசியில் எல்லாப் பெயர்களும் நகராட்சிச் சுவரில் ஏழு நாள் ஒட்டப்படும், யாராவது ஆட்சேபம் சொல்வதாக இருந்தால் சொல்லலாம் என்று.

முதல் வாரத்திலேயே ஒன்பதாம் வட்டத்தில் அறுபத்திரண்டு வீடுகள் பூவாகிவிட்டன. தெருவின் இரண்டு பக்கமும் கதவுக்குக் கதவு பூ, பூ, பூ.

"டீச்சர் வந்துட்டுப் போனதுல இருந்து தெருவே பூத்துக் குலுங்குது" என்றாள் தையல்காரி. மூன்றாம் தெருவில், ஜன்னலோரம் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். தைக்க வருகிறவர்கள் குறைந்த பிறகு அவள் வாய் கூடுதலாக வேலை செய்தது. "ஏன் டீச்சர், ஒரு கேள்வி கேக்கறேன். இந்தப் பூவையெல்லாம் நாலுன்னு மாத்தி எழுத எவ்வளவு சுண்ணக்கட்டி செலவாகும்?"

"அங்க ஆள் இல்லையே, அக்கா."

"இருந்தவங்கதானே? செத்தா போயிட்டாங்க? நாளைக்கே திரும்பி வரலாம்."

"வந்தா எழுதறேன்."

"உங்க வீட்டுக்காரருக்காகவாவது கொஞ்சம் மனசு வையுங்க. மத்த வட்டத்துல எல்லாம் போன வருஷம் போனவங்களைக்கூட எழுதறாங்களாம். கையெழுத்து நாங்க போட்டுத் தர்றோம். யாரு பாக்கப் போறா?"

கடவுள் பார்ப்பார் என்று டீச்சர் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் அவர் நம்பியது அதைத்தான். தினமும் விளக்கை அணைக்கும் முன் கண்ணை மூடி, "இன்னிக்கு யாரையும் ஏமாத்தல, நாளைக்கும் அப்படியே வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் படுக்கிறவர்.

"எதிர் வீடு எப்படி அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

தையல்காரி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எந்த எதிர் வீடு? வெடிக்காரர் வீடா? அவர்தான் மக வீட்டோட போயிட்டாரே. பூட்டிதானே இருக்கு, தெரியல?"

தெரிந்தது. பெரிய பூட்டு. வெடிக்காரர் போனதும் ஊருக்கே தெரியும். முப்பத்தைந்து வருடம் குவாரியில் வெடி வைத்தவர். திரி கொளுத்துவதற்கு முன் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் போடும் சத்தம் ஆலைச் சங்கையே அமுக்கிவிடும். வெடிச் சத்தத்தில் அவருடைய காதுகள் இரண்டும் போயின. போன வருடம் அவரைத் தெருவே கூடி வழியனுப்பியது. நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். "பெருநகரத்துல, பதினோராவது மாடியில, பேரப்பிள்ளைகளோட ராஜா மாதிரி இருக்கப் போறேன்" என்று நாலு தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

டீச்சர் இரண்டாம் முறை போனபோது தையல்காரி சும்மா உட்கார்ந்திருந்தாள். டீச்சர் எதிர் வீட்டுப் படியில் காலை வைத்ததும் அவளுடைய இயந்திரம் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஊசிக்கு அடியில் துணி இல்லை.

மூன்றாம் முறை போனது ஒரு பகல் நேரம். தையல்காரி வீட்டில் இல்லை. டீச்சர் பூட்டை இழுத்துப் பார்த்தார். தட்டினார். படிவத்தில் மூன்றாவது பூவைப் போடப் பேனாவை எடுத்தபோது, வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

"கடவுளே, இன்னிக்கும் சாப்பாடு குடுத்தே. குடுத்த கைக்கு நோய் நொடி வராமப் பாத்துக்கோ."

சொன்னவர் அதை முணுமுணுப்பதாகத்தான் நினைத்திருப்பார். தெருமுனையில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. அதற்கும் பழகிப்போயிருந்தது.

டீச்சர் சந்து வழியாகப் பின்பக்கம் போனார். பின்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாசலில் கழுவிக் கவிழ்த்த ஒரு தூக்குப் பாத்திரமும், தையல்காரி வீட்டுக் குடமும் இருந்தன. உள்ளே வெடிக்காரர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"டீச்சரம்மா!" என்று அலறினார். டீச்சர் பதறி வாயில் விரலை வைத்தார். அவர் தலையாட்டிவிட்டு, அதே சத்தத்தில், ரகசியம் பேசுகிறவர் போல முகத்தை அருகே கொண்டுவந்து, "நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரியாது" என்றார்.

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தெருவுக்கே தெரிந்திருந்தது. மாதக்கணக்காகத் தெரிந்திருந்தது. அவருடைய இருமல், பிரார்த்தனை, தூக்கத்தில் பேசுவது எல்லாம் எல்லார் காதிலும் விழுந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லாதவர்களை இருப்பதாக எழுதச் சொன்ன அதே தெரு, இருக்கிற ஒருவரை இல்லை என்று மறைத்து வைத்திருந்தது.

அவரே சொன்னார். மகள் நல்லவள்தான். மருமகனும் குறை சொல்ல முடியாதவர்தான். ஆனால் பதினோராவது மாடியில் இவர் பேசினால் பத்தாவது மாடிக்காரர் கதவைத் தட்டினார். கைக்குழந்தை திடுக்கிட்டு அழுதது. 'அப்பா, மெதுவா' என்று மகள் காலையில் ஆரம்பித்தால் இரவு வரைக்கும் அதுதான் பேச்சு. கடைசியில் இவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை. "அதுக்கப்புறமும் அவ 'மெதுவா'ன்னு சொன்னா டீச்சரம்மா. நான் மூச்சு விடறதே சத்தமா இருக்காம்." ஒருநாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். மகளுக்குத் தகவல் சொல்லிவிட்டார். அவள் அழுதாள், வாங்க என்று கூப்பிடவில்லை. "அத்தனை பேர் முன்னாடி ராஜா மாதிரி இருப்பேன்னு சொல்லிட்டுப் போனவன். எந்த முகத்தோட கதவைத் திறக்கறது?"

டீச்சர் படிவத்தை எடுத்தார். பேசினால் அவருக்குக் கேட்காது. கத்தினால் தெருவுக்குக் கேட்கும். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'உங்களை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போடுங்கள், அண்ணே.'

அவர் படித்தார். "பேரு சுவத்துல ஒட்டுவாங்களா?"

டீச்சர் தலையசைத்தார்.

"வேண்டாம்மா." இரண்டு கையையும் கூப்பிவிட்டார், எச்சில் கையோடு. "நான் இல்லைன்னு எழுதிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கி, 'என் வீட்டுக்காரருக்கு' என்று எழுதினார். அடுத்த வார்த்தைக்கு முன் பேனா நின்றது. இதை எழுதிக் காட்டினால் இவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். சந்தேகமே இல்லை. பேர் சுவரில் ஏறும். அதற்கப்புறம் இந்த மனிதருக்கு ஒளிந்துகொள்ள இந்த உலகத்தில் இடம் இருக்காது. பத்தாயிரம் நிறைய இவர் ஒருவர்தான் குறைவாக இருந்தால்? இருக்கலாம். யார் கண்டது? டீச்சர் ரொம்ப நேரம் அந்த இரண்டு வார்த்தைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதினீங்க?"

ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினார் டீச்சர். சாப்பிடுங்கள் என்று சைகை காட்டிவிட்டு வெளியே வந்து, படிவத்தில் மூன்றாவது பூவைப் போட்டார். அறுபத்திரண்டு பூக்களில் அறுபத்தொன்று உண்மை. ஒன்று அவர் தெரிந்தே சொன்ன பொய். அன்றைக்குப் படுக்கப் போகும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "மன்னிச்சிரு" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து நகராட்சிச் சுவரில் எண் ஒட்டப்பட்டது. ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது.

நூற்று முப்பத்தொன்று குறைவு. தெருவுக்கு உடனே கணக்கு வந்துவிட்டது. அறுபத்திரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு பேர் என்று போட்டாலே கிட்டத்தட்ட எட்டியிருக்குமே, மூன்று என்று போட்டிருந்தால் மிச்சமே வந்திருக்குமே. மற்ற வட்டத்தில் எல்லாம் மனசு வைத்தார்கள்; ஒன்பதாம் வட்டத்தில்தான் வைக்கவில்லை. கடைக்கு டீச்சர் போனால் பேச்சு நின்றது. தையல்காரி நேருக்கு நேராகவே கேட்டாள்.

"நேர்மையாம் நேர்மை. அதைக் கரைச்சு ஊசி போட்டா உங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் சுத்தமாகுமா, டீச்சர்?"

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். எதிர் வீட்டுப் பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணவர் இரண்டு நாள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள், டீச்சர் அவருக்குக் கால் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எழுதியிருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. வாங்க மறந்த ஏதோ ஒரு சாமானைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். டீச்சர் கால்களைத் தொடர்ந்து அமுக்கினார்.

மாத முடிவில் ஒரு லாரி வந்து இரண்டு இயந்திரங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. கூடவே எட்டுக் கட்டில்கள், ஒரு எக்ஸ்ரே பெட்டி. நர்ஸ் லாரிக்காரரிடம், "பாத்துப் போங்க, ஆட்டம் கொடுத்தா கெட்டுரும்" என்று மூன்று முறை சொன்னாள்.

அன்று மதியம் தையல்காரி வழக்கம்போலச் சந்து வழியாகச் சாப்பாடு கொண்டுபோனாள். மனக்கொதிப்பில் தூக்கைத் தொப்பென்று வைத்தாள். வெடிக்காரர் என்ன என்று கேட்டார். அவள் சுண்ணக்கட்டியை எடுத்து, ஊரில் நடந்ததையெல்லாம் தரையில் எழுதினாள். டீச்சர், பூ, இயந்திரம், அறுபது கிலோமீட்டர் எல்லாம்.

அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "டீச்சரம்மா வீட்டுக்காரருக்கா?" என்றார். "அந்தம்மா இங்க வந்தாங்களே. இந்தா, நீ நிக்கற இடத்துலதான் உக்காந்திருந்தாங்க. கையெழுத்துக் கேட்டாங்க. நான் மாட்டேன்னேன். இதைச் சொல்லவே இல்லையே!"

தையல்காரி கையில் சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றாள். தெரு முழுக்க ஒளித்து வைத்த ஆளை டீச்சர் கண்டுபிடித்துவிட்டு, தானும் சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறார். அதுவும் எந்த நேரத்தில்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸுக்காக டீச்சர் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கையில் இருந்த கடைசி மூன்று நாள் லீவில் முதல் நாள் அது. சாலை முக்கில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். யாரும் டீச்சரோடு பேசவில்லை. அப்போது மூன்றாம் தெருவில் இருந்து வெடிக்காரர் வந்தார். சலவைச் சட்டை, தோளில் ஒரு துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். நடு ரோட்டில் நடந்து வந்தார்.

எல்லாரும் பார்த்தார்கள். அவர் நேராக வந்து டீச்சர் முன்னால் நின்றார்.

"சொல்லியிருக்கலாமேம்மா!" ஊரே அதிர்ந்தது. "ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருந்தா போட்டிருப்பேனே!"

டீச்சர் அவருக்குக் கேட்கட்டும் என்று தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தெருவில் நின்று கத்தினார். "போட்டிருப்பீங்க அண்ணே! அதான் சொல்லல!"

வெடிக்காரர் டீச்சரின் கையில் இருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டார். "நீங்க பள்ளிக்கூடம் போங்க. எனக்கு என்ன வேலை, பூட்டுக்குப் பின்னாடி உக்காந்திருக்கற வேலைதானே? நான் கூட்டிட்டுப் போறேன். மாப்பிள்ளை, ஏறுங்க."

"என் காது போயிடுமே" என்றார் கணவர்.

டீச்சர் சிரித்துவிட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். வெடிக்காரரை எப்போது வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. "தள்ளு, தள்ளு, உடம்பு சரியில்லாதவருக்கு ஜன்னல் சீட்டு விடு" என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸின் முன்பாதி காலியாயிற்று.

அப்படித்தான் திங்கள், புதன், வெள்ளி. பஸ் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகும்போது வெடிக்காரர் கை நீட்டி நீட்டிக் காட்டுவார். அதோ அந்த விளிம்பில்தான் முதல் வெடி. இந்தப் பக்கத்துக் கல்லில்தான் துறைமுகச் சுவர் எழும்பியது. அந்த மேட்டில் இருந்து வந்த சிமெண்ட்டில் ஆற்றுப் பாலங்கள் ஏழு. எந்த ஊரில் எந்த அணை, எந்த மருத்துவமனை என்று வரிசையாகச் சொல்வார். நம் மலை எங்கேயும் போகவில்லை மாப்பிள்ளை, ஊர் ஊராக நின்றுகொண்டிருக்கிறது என்பார். பஸ்ஸில் இருக்கும் எல்லாரும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டு வருவார்கள். கணவர் வீடு திரும்பியதும் டீச்சரிடம் அதையெல்லாம் மெல்லிய குரலில் திரும்பச் சொல்வார். 'எழுதியிருக்கலாம்' என்று மறுபடி அவர் சொல்லவில்லை. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. அறுபது கிலோமீட்டர் போக, அறுபது வர. அத்தனை குலுக்கலை அது தாங்கவில்லை. தூரத்தில் இருந்து வருகிறவர்கள் முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வருவார்கள், பிறகு ஒன்று விடும், இரண்டு விடும், அப்புறம் ஆளே வராது என்று அந்த ஊர் மருத்துவர் சொன்னார். டீச்சரின் கணவர் ஏழு மாதம் போனார். ஒருமுறை மழையில் பஸ் நின்றுவிட்டது. வெடிக்காரர் ரோட்டின் நடுவில் நின்று கத்தி ஒரு பால் வண்டியை நிறுத்தி அதில் ஏற்றினார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஏழாம் மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை விடியும்போது கணவர் போய்விட்டார். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். வெடிக்காரர் வழக்கமான நேரத்தில் துண்டும் பாட்டிலுமாக வந்து நின்றபோது, டீச்சர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எதுவும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தையல்காரி பின்னாலேயே வந்து, கேட்காமலே உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சாலை முக்கில் அந்த ஆறு மணி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு இன்னும் தெரியாது. ஜன்னல் சீட்டுக் காலியாக இருந்தது. அவர் பத்து நிமிடம் காத்திருந்தார். பயணிகளில் யாரும் கிளம்பச் சொல்லவில்லை. பிறகு ஒருமுறை, மெதுவாக, ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.